இப்போ யார் கண்ணு?

திருச்சியிலிருந்து கிளம்பும்போதே ஓர் ஒப்பந்தம் போடப்பட்டிருந்தது. தீம் பார்க் போகலாம். கடற்கரைக்கும் போகலாம். ஆனால், பிள்ளைகள் தண்ணீரில் இறங்கக் கூடாது.

மிட்டாய்க் கடைக்குக் கூட்டிப்போய் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்வது மாதிரியான ஒப்பந்தம். எட்டு வயதுப் பாப்பாவுக்கு இது உடனே புரிந்துவிட்டது. "அப்போ கடலை என்னம்மா பண்றது?" என்று கேட்டாள்.

"பாக்கலாம்" என்றார் அம்மா.

ஐந்து வயதுத் தம்பி, "எவ்ளோ நேரம் பாக்குறது?" என்றான். அதற்கு யாரிடமும் பதில் இல்லை.

அப்பாவுக்குத் துவாக்குடியில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் வேலை. தொடர்ந்து நாலு நாள் லீவு கிடைப்பது அபூர்வம். இந்த மே மாதம் கிடைத்தது. பாப்பாவின் வகுப்பில் பாதிப் பேர் தீம் பார்க் போய்வந்து கதை கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அம்மா வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறார். அந்தக் காசில் டிக்கெட்டுக்கு எடுத்து வைத்திருந்தார். தாம்பரத்தில் அப்பாவின் அக்கா வீடு இருந்ததால் தங்கும் செலவும் மிச்சம். கணக்கெல்லாம் சரியாக வந்தது. தண்ணீர் விஷயம் ஒன்றுதான் இடித்தது.

அம்மாவுக்குத் தண்ணீர் புதிதில்லை. அவர் பிறந்த ஊர் முசிறி. வீட்டிலிருந்து பத்து நிமிஷம் நடந்தால் காவிரி. எட்டு வயது வரை ஆற்றிலேயே கிடந்தவர்தான். அவருக்கு மூன்று வயது மூத்த அண்ணன் ஒருவர் இருந்தார். ஓர் ஆடிப்பெருக்கு அன்று, ஊரே படித்துறையில் கூடியிருந்த நேரத்தில், அந்தப் பதினொரு வயதுப் பையனை ஆறு கொண்டுபோய்விட்டது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் படித்துறைப் பக்கம் போகவில்லை. கல்யாணமாகித் திருச்சிக்கு வந்த பிறகும் அம்மா மாறவில்லை. அவருடைய பிள்ளைகளுக்குத் தெரிந்த தண்ணீர், பக்கெட்டில் இருப்பது மட்டும்தான். கிணறு, குளம், வாய்க்கால் எதுவும் கிடையாது. ஸ்ரீரங்கம் போனால்கூட அம்மா மண்டபம் பக்கம் வண்டி திரும்பாது. பிள்ளைகளுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் மடி வேண்டுமே என்று பெரியப்பா மகனைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அவரும் ஒரு குறையும் வைக்காமல் சீர் செய்தார். ஆனாலும், அன்றைக்கு அம்மாயி அடுப்படியை விட்டு வெளியே வரவேயில்லை.

அம்மாயி என்றால் அம்மாவைப் பெற்றவர். வயது அறுபத்து மூன்று. இந்தப் பயணத்தில் அவரும் உண்டு. "நான் எதுக்கு? வீட்டைப் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்று நழுவப் பார்த்தவரை, "நீ வரலைன்னா எனக்கு யார் தலை பின்னுவா?" என்று மடக்கியது பாப்பாதான்.

*

மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் விடிவதற்கு முன்பே தாம்பரத்தில் இறக்கிவிட்டது. அத்தை வீட்டில் காபி, இட்லி, குளியல். வாடகை காரில் ஒன்பதரைக்கெல்லாம் பார்க் வாசலில் நின்றார்கள். பெரியவர்கள் நாலு பேர்: அப்பா, அம்மா, அத்தை, அம்மாயி. பிள்ளைகள் இரண்டு பேர். இந்தக் கணக்கை மறக்க வேண்டாம், பின்னால் வரும்.

வாசலில் பையைச் சோதித்த பெண், தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்தார். புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல், ஒரு டப்பா முறுக்கு. "வெளிச் சாப்பாடு உள்ள விட மாட்டாங்கக்கா" என்றார். விடியற்காலையில் எழுந்து அத்தை கிளறிய புளியோதரை. தூக்கிப்போட யாருக்கு மனசு வரும்? காருக்குத் திரும்பி, பார்க்கிங்கில் வேப்ப மரத்தடியில் நின்றபடியே காலை பத்து மணிக்கு மதியச் சாப்பாட்டை முடித்தார்கள்.

உள்ளே போனதும் அடுத்த சோதனை. ராட்டினத்துக்கு முன்னால் ஓர் அளவுகோல் பலகை நின்றது. 120 சென்டிமீட்டர் இருந்தால்தான் ஏற முடியும். பாப்பா நிமிர்ந்து நின்றாள், மூச்சை இழுத்துப் பிடித்தாள். 118. அம்மாயி போட்ட பின்னலை அப்பா மேலே தூக்கிக் கொண்டையாக்கிக் காட்டினார். "கொண்டை கணக்குல வராது சார்" என்று சிரித்தார் அங்கே நின்ற பையன். பாப்பாவின் முகம் சுருங்கிப்போனது. தம்பிக்கோ ஒரு கவலையும் இல்லை. பொம்மை ரயிலில் மூன்று தடவை சுற்றினான். நாலாவது தடவை ஓட்டுநரிடம், "நான் ஓட்டவா?" என்று கேட்டான்.

பதினோரு மணிக்கு மேல் வெயில் ஏறியது. இரும்புக் கம்பியைத் தொட்டால் சுட்டது. அந்தப் பக்கமிருந்து பாட்டும், விசிலும், தண்ணீரில் விழுகிற கூச்சலும் வந்துகொண்டே இருந்தன. பிள்ளைகள் வாய் திறந்து கேட்கவில்லை. அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிள்ளைகள் கேட்காமல் நிற்பதுதான் பெற்றவர்களைத் தோற்கடிக்கிறது.

"முட்டி வரைக்கும்தான்" என்றார் அம்மா.

அப்படித்தான் ஒப்பந்தம் உடைந்தது.

குளத்தில் இறங்க நைலான் உடை கட்டாயம். புடவைக்கு அனுமதி இல்லை. அம்மாவுக்கும் அத்தைக்கும் கடையில் உடை வாங்கினார்கள். அம்மாயி மட்டும் கரையிலிருந்த சிமென்ட் பெஞ்சில், ஐந்து ஜோடிச் செருப்பையும் மூன்று பைகளையும் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்தார். தம்பி இடுப்பில் ஆரஞ்சு நிறக் காற்று டியூப்.

*

செயற்கை அலைக்குளத்தின் தரை கடற்கரை போலச் சரிந்து போகும். ஆரம்பத்தில் கணுக்கால், போகப்போக முட்டி, இடுப்பு. சைரன் ஊதியதும் அலை கிளம்பும். கூட்டம் ஓவென்று கத்தும். ஸ்பீக்கரில் பாட்டு அலறும்.

மூன்றாவது சைரனின்போது அப்பா ஐந்தடி தள்ளி நின்று, பாப்பா அலையில் குதிப்பதை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். அம்மா ஒரு கையால் தம்பியின் டியூபைப் பிடித்திருந்தார். குதித்த வேகத்தில் பாப்பாவின் கண்ணில் தண்ணீர் போய், "எரியுதும்மா" என்று அழ ஆரம்பித்தாள். "அண்ணி, தம்பியைப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு அம்மா டியூபை விட்டார். பாப்பா பக்கம் திரும்பினார். பாட்டுச் சத்தத்தில் அத்தைக்கு அது கேட்கவே இல்லை.

அடுத்த அலையில் தம்பி டியூபிலிருந்து நழுவினான்.

கத்தவில்லை. கையைத் தூக்கி ஆட்டவில்லை. சினிமாவில் வருவது மாதிரி எதுவும் நடக்கவில்லை. டியூப் மட்டும் காலியாக மிதந்து போனது. பெரியவர்களுக்குத் தொடையளவுத் தண்ணீர். சுற்றிலும் நூறு பேராவது இருப்பார்கள். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பார்த்தது அம்மாயி மட்டும்தான். பெஞ்சிலிருந்து எழுந்து, செருப்பு, பை எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு ஓடினார். அவர் போட்ட சத்தத்தைப் பாட்டு விழுங்கிவிட்டது. அதற்குள் உயரமான நாற்காலியில் இருந்த உயிர்காப்பாளரின் விசில் கேட்டது. அந்த இளைஞர் குதித்து நாலு எட்டில் போய்த் தம்பியை வாரி எடுத்துவிட்டார். எண்ணிப் பார்த்தால் பத்து வினாடி இருக்கலாம். அலை நின்றது. பாட்டும் நின்றது.

கூட்டத்தில் யாரோ, "தலைகீழாப் புடிங்கப்பா, தண்ணி வெளிய வரட்டும்" என்றார்கள். "அதெல்லாம் கூடாது சார்" என்று உயிர்காப்பாளர் உறுதியாகச் சொன்னார். தம்பி இருமினான். கொஞ்சம் வாந்தி எடுத்தான். பிறகு பெரிதாக அழுதான். "அழுவுறான்ல, நல்லது. அழட்டும்" என்றார் அந்த இளைஞர்.

முதலுதவி அறையில் ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். அங்கிருந்த நர்ஸ், "இன்னிக்கு ராத்திரி வரைக்கும் கவனிங்க. இருமல் விடாம வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, வழக்கத்துக்கு மாறா தூங்கி வழிஞ்சாலோ, யோசிக்காம ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க" என்றார். அம்மா தலையை மட்டும் ஆட்டினார். தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஐஸ்க்ரீம் வாங்கித் தருவீங்களா?" என்று கேட்டான்.

*

காரில் யாரும் பேசவில்லை. பேச்சு அத்தை வீட்டுக்கு வந்த பிறகுதான் வெடித்தது.

"நீங்க போன்லயே இருந்தீங்க."

"நீதானே டியூபைப் புடிச்சிருந்தே?"

"அண்ணிகிட்ட சொல்லிட்டுத்தானே விட்டேன்?"

"சாமி சத்தியமா என் காதுல விழவே இல்லைம்மா."

மூன்று பேர் சொன்னதும் உண்மை. மூன்றையும் சேர்த்தாலும் ஒரு சமாதானம் கிடைக்கவில்லை. கடைசியில் அம்மா, "கடலும் வேணாம், ஒண்ணும் வேணாம். நாளைக்கே ஊருக்குப் போறோம்" என்று சொல்லிவிட்டு, தூங்கும் தம்பியின் மூக்குக்கு அருகே விரலை வைத்தபடி உட்கார்ந்துவிட்டார். அப்பா பதில் பேசவில்லை. அன்று மதியம் எடுத்த வீடியோவைத் திறந்து பார்த்தார். பாப்பா குதிக்கிறாள், சிரிக்கிறாள். திரையின் இடது ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ மெதுவாக மிதந்து போகிறது. காலி டியூப். அவர் அதைப் படம் எடுத்திருக்கிறார். பார்க்கவில்லை.

அன்று இரவு அவர் வெகுநேரம் செல்போனில் படித்துக்கொண்டிருந்தார். உலக சுகாதார நிறுவனம் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை ஒன்று கண்ணில் பட்டது. 2021-ல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் 5 வயதுக்கும் குறைந்த குழந்தைகள். மூழ்குகிற குழந்தையால் பெரும்பாலும் கத்த முடியாது என்றும், மூச்சுக்குத் தவிக்கிற வாயில் சத்தத்துக்கு இடமில்லை என்றும் இன்னொரு இடத்தில் படித்தார். காற்றடைத்த டியூப் ஒரு விளையாட்டுப் பொருள்தான், உயிர் காக்கும் சாதனம் இல்லை. சின்னப் பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்போது பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். டிக்கெட் விலையை நாலு இடத்தில் ஒப்பிட்டுப் பார்த்தவருக்கு, இவற்றில் ஒன்றைக்கூட முன்னால் படிக்கத் தோன்றவில்லை.

*

பத்து மணிக்கு மேல் மொட்டை மாடியில் அம்மாயி பாய் விரித்திருந்தார். காற்றுக்காக அம்மா மேலே வந்தார். துவைத்த துணிகளை எடுக்க அத்தையும், பின்னாலேயே அப்பாவும் வந்து சேர்ந்தார்கள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அம்மாயிதான் ஆரம்பித்தார். இத்தனை வருஷத்தில் அவர் அந்த நாளைப் பற்றிப் பேசி அம்மாவே கேட்டதில்லை.

"அன்னிக்குப் படித்துறையில நம்ம சொந்தபந்தம் மட்டும் இருவது பேரு. காப்பரிசி, காதோலை, கருகமணி எல்லாம் எடுத்து வெச்சுக்கிட்டு இருந்தேன். பையன் சித்திகூட இருக்கான்னு நான் நெனச்சேன். அவங்கப்பாகூட இருக்கான்னு சித்தி நெனச்சா. என்கூட சாமி கும்புடுறான்னு உங்கப்பா நெனச்சாரு. எல்லாரும் இருந்தோம். யாரும் பாக்கலை."

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மாயி விடவில்லை.

"தூக்கிட்டு வந்ததும் வயித்தை அமுக்குனாங்க, காலைப் புடிச்சுத் தலைகீழா சுத்துனாங்க. அந்தத் தம்பி இன்னிக்கு, கூடாதுன்னு சொன்னான் பாரு... அன்னிக்கு அப்படிச் சொல்ல ஓர் ஆள் இல்லை."

கீழே தெருவில் ஒரு வண்டி போகிற சத்தம் கேட்டு அடங்கியது.

"ரொம்ப வருஷம் ஆத்தைத் திட்டிக்கிட்டுக் கெடந்தேன். ஆறு என்னடி பண்ணும்? அது எப்பவும் போலத்தான் போச்சு. உனக்கு நீச்சல் கத்துக்கொடுக்காம விட்டேன் பாரு, அதுதான் நான் பண்ணுன ரெண்டாவது தப்பு. நீயும் அதையே பண்ணாத."

அம்மா அழுதார். அத்தை அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். "கடலுக்குப் போவோம்" என்றார் அம்மாயி. "ஆனா ஒண்ணு. நாலு பேரும் பாத்துக்குறோம்கிற பேச்சே வேணாம். நாலு பேர் பாத்தா ஒருத்தரும் பாக்க மாட்டாங்க. ஒரு நேரத்துக்கு ஒருத்தர் கண்ணுதான்."

பையிலிருந்து ஒரு மஞ்சள் துண்டை எடுத்தார். சமயபுரத்துக்கு நடந்து போகும்போது தோளில் போட்டுக்கொள்கிற துண்டு. வெளியூர் போனாலும் அது அவர் பையில் இருக்கும்.

விதி இதுதான். துண்டு யார் தோளில் இருக்கிறதோ, அவர் கண் பிள்ளைகள் மேல்தான் இருக்க வேண்டும். போன் கிடையாது, அரட்டை கிடையாது, சுண்டல்கூடக் கிடையாது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை துண்டு கை மாறும். கொடுக்கிறவர் "இப்போ உங்க கண்ணு" என்று சொல்ல வேண்டும். வாங்குகிறவர் "என் கண்ணு" என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். பதில் வராமல் துண்டைக் கொடுக்கவே கூடாது.

"எனக்குக் காதுல விழலைங்கிற பேச்சே வராதுல்ல" என்றார் அத்தை மெதுவாக.

"அதுக்குத்தாம்மா" என்றார் அம்மாயி.

*

எந்தக் கடற்கரை என்பது அடுத்த கேள்வி. "மெரினான்னா எல்லாருக்கும் பழக்கம்" என்றார் அத்தை. மெரினாவில் குளிக்கத் தடை இருக்கிறது. நிற்கிற இடத்திலேயே திடீரென்று ஆழமாகும், இழுப்பும் அதிகம் என்று அப்பா படித்திருந்தார். கேளம்பாக்கம் வழியாகப் போனால் கோவளம். 2021-ல் நீலக்கொடிச் சான்றிதழ் பெற்ற கடற்கரை அது. நீலக்கொடி சும்மா கிடைத்துவிடாது. தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும், பாதுகாப்பு ஏற்பாடுகள் இருக்க வேண்டும், உயிர்காப்பாளர்கள் இருக்க வேண்டும். அந்தக் கடைசி வரியைப் படித்ததும் முடிவாகிவிட்டது.

காலை ஏழு மணிக்கே போய்ச் சேர்ந்தார்கள். வெயில் இன்னும் ஏறவில்லை. தூரத்தில் படகுகள் கரையேறிக்கொண்டிருந்தன. பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அலைச்சறுக்குப் போகிற பையன்கள் இரண்டு பேர் கடந்து போனார்கள். பாப்பா வாயைப் பிளந்து பார்த்தாள்.

அப்பா நேராக உயிர்காப்பாளரிடம் போனார். "சின்னப் பசங்க இருக்காங்க. எங்க நிக்கலாம்? எது வரைக்கும் போகலாம்?" என்று கேட்டார். கேட்டதற்காகவே அவர் சந்தோஷப்பட்டது போல இருந்தது. கையை நீட்டிக் காட்டினார். "அலை உடைஞ்சு நுரை வருது பாருங்க, நடுவுல ஒரு இடம் மட்டும் உடையாம அமைதியா தெரியுதா? எல்லாரும் அதுதான் நல்ல இடம்னு போவாங்க. கரைக்கு வந்த தண்ணி திரும்பிப் போற வழி சார் அது. உள்ள இழுத்துடும்."

"மாட்டிக்கிட்டா?"

"கரையைப் பாத்து எதிர்த்து நீந்தக் கூடாது. தெம்பு போயிடும். மிதந்துக்கிட்டு, கையைத் தூக்கிக் கூப்புடணும். நீச்சல் தெரிஞ்சா கரைக்கு இணையா பக்கவாட்டுல போகணும். இழுப்பு முடிஞ்ச இடத்துல கரைக்கு வரலாம். நீங்க அந்தளவுக்கெல்லாம் போக வேணாம். இந்தப் பக்கம் கணுக்கால் தண்ணியிலயே நில்லுங்க."

முதல் துண்டு அப்பாவின் தோளில். செல்போன் காரிலேயே இருந்தது. பாப்பா ஒரு கையால் அத்தையைப் பிடித்துக்கொண்டு, வரும் அலைக்கெல்லாம் குதித்தாள். அலை வரும்போது முன்னால் ஓடுவதும், போகும்போது பின்னால் துரத்துவதுமாகக் காலை வேளை களைகட்டியது.

தம்பி மட்டும் அசையவில்லை. ஈரம் படாத மணலில், அம்மாயியின் புடவைத் தலைப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றான். "வாடா" என்று அக்கா கூப்பிட்டாள். "தண்ணி வேணாம்" என்றான். அப்பா கூப்பிட்டார். "தண்ணி வேணாம்."

அம்மா அவனைப் பார்த்தார். ஐந்து வருஷமாக அவர் வேண்டிக்கொண்டது இதைத்தான். பிள்ளை தண்ணீரைக் கண்டால் ஒதுங்கிப்போக வேண்டும், அவ்வளவுதான். இப்போது ஒதுங்கி நிற்கிறான். ஆனால், அந்தச் சின்ன முகத்தில் இருந்தது சாக்கிரதை இல்லை. பயம். எட்டு வயதில் தன் முகத்தில் வந்து உட்கார்ந்த அதே பயம். கிடைத்துவிட்டது என்று அவரால் சந்தோஷப்பட முடியவில்லை.

அம்மாயி புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகினார். தம்பியின் ஒரு கையைப் பிடித்தார். இன்னொரு கையை மகளை நோக்கி நீட்டினார். "வாடி" என்றார்.

இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆற்றில் கால் வைக்காத இரண்டு பேர், நடுவில் ஒரு குழந்தையை விட்டு, கடலை நோக்கி நடந்தார்கள். ஈர மணல் வரை வந்ததும் தம்பி நின்றான். அவர்களும் நின்றார்கள். யாரும் இழுக்கவில்லை. ஓர் அலை வந்து விரல் நுனியைத் தொட்டுவிட்டுப் போனது. "சில்லுனு இருக்கு" என்றான். அடுத்த அலை கணுக்காலுக்கு வந்தது. காலடியில் மணல் கரைந்தபோது, "அம்மா, தரை ஓடுது!" என்று கத்தினான். பிறகு சிரித்தான்.

"இப்போ உன் கண்ணு" என்று அப்பா துண்டை நீட்டினார்.

அம்மா அதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். பதில் சொல்ல ஒரு நொடி பிடித்தது. "என் கண்ணு" என்றார்.

அன்றைக்கு அவர்கள் கணுக்கால் தண்ணீரைத் தாண்டவே இல்லை. இரண்டு மணி நேரம் போனது தெரியவில்லை. பிள்ளைகள் மணலில் கோபுரம் கட்டினார்கள், நண்டுப் பொந்தில் தண்ணீர் ஊற்றினார்கள். கரையேறும்போது எல்லோர் பையிலும் பாதி மணல். பகல் பூராவும் கிடைக்கும் என்று டிக்கெட் வாங்கிப் போன இடத்தில் கிடைக்காதது, ஒரு துண்டும் நாலு பேரின் முறையும் இருந்த இடத்தில் கிடைத்தது.

*

ஊருக்கு வந்ததும் பள்ளியில் மூன்று பெண்கள் பாப்பாவிடம் கதை கேட்டார்கள். ராட்டினத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. 118 சென்டிமீட்டர் கோபம் இன்னும் தீரவில்லை போல. "எங்க அம்மாயி புடவையோட கடல்ல நின்னாங்க தெரியுமா?" என்றுதான் ஆரம்பித்தாள். தம்பிக்கு நினைவிருப்பது பொம்மை ரயிலும், ஓடுகிற தரையும். டியூபிலிருந்து விழுந்ததை அவன் சொல்வதில்லை. பெரியவர்களும் கேட்பதில்லை. ஆனால், மறக்கவில்லை.

ஜூன் மாதம் இரண்டு பிள்ளைகளையும் நீச்சல் வகுப்பில் சேர்த்தார்கள். பெயர் எழுதும் இடத்தில் அம்மா இன்னொரு படிவம் கேட்டார். "யாருக்கும்மா?" என்றார் பயிற்சியாளர். "எனக்குத்தான்" என்றார் அம்மா. முதல் வாரம் சுவரைப் பிடித்த கையை எடுக்கவில்லை. இரண்டாவது வாரம் முகத்தைத் தண்ணீரில் வைத்து மூச்சு விட்டார். ஜூலை 25-ஐ நீரில் மூழ்குவதைத் தடுக்கும் தினமாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்திருக்கிறது என்று அப்பா எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னார். அந்த வாரத்தில்தான் அம்மா குளத்தின் அகலத்தை முதன்முறையாகத் தானே கடந்தார். நடுவில் ஒரு தடவை நின்று இருமினார். பரவாயில்லை, கடந்துவிட்டார்.

மஞ்சள் துண்டு இப்போது வீட்டு வாசலில், சாவி மாட்டுகிற ஆணியில் தொங்குகிறது. கல்யாண மண்டபத்துக்குப் போனாலும், தேரோட்டத்துக்குப் போனாலும் கூடவே போகிறது. தண்ணீர் இல்லாத இடத்திலும் கூட்டம் உண்டு, ரோடு உண்டு, பேச்சு சுவாரசியம் உண்டு.

இந்த ஆடிப்பெருக்குக்கு முசிறி போகலாம் என்று சொன்னதும் அம்மாயிதான். படித்துறையில் கூட்டம். ஆற்றில் யாரும் இறங்கிவிடாமல் போலீஸ்காரர்கள் கயிறு கட்டி நின்றார்கள். மேல்படியிலேயே வாழையிலை போட்டு, காப்பரிசி வைத்து, விளக்கேற்றினார்கள். பாப்பாவும் தம்பியும் சின்னச் சப்பரத்தை இழுத்துக்கொண்டு படிக்கு மேலேயே சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

அம்மாயி கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்தபடி நின்றார். பிறகு ஒரு கைப்பிடி பூவை எடுத்துக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் வீசினார். எதுவும் சொல்லவில்லை. அம்மாவும் அவரருகே போய் நின்று ஒரு கைப்பிடி வீசினார்.

திரும்பியபோது தம்பி பின்னால் நின்றுகொண்டிருந்தான். சப்பரக் கயிறு கையில். "அம்மாயி, இப்போ யார் கண்ணு?" என்று கேட்டான்.

மஞ்சள் துண்டு அம்மாயியின் தோளில்தான் இருந்தது. அவர் குனிந்து அவன் கன்னத்தை வழித்தார்.

"என் கண்ணு" என்றார்.